குற்றத்தால் பாதிக்கப்பட்டவரும் காவல் நிலையமும்: புகார் நாள் முதல் குற்றப்பத்திரிகை வரை, உடன் செல்பவருக்கான வழிகாட்டி

பாதிக்கப்பட்டவரைக் கைத்தாங்கலாகக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்பவருக்காக இதை எழுதுகிறேன். அவர் மகளாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், சங்கத்துத் தோழராக இருக்கலாம். சட்டத் தன்னார்வலராகத் தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றில் பல ஆண்டுகள் இப்படி உடன் சென்றிருக்கிறேன். எல்லாம் வாய்வார்த்தையாகவே நடந்து, நான்காம் நாள் யார் என்ன சொன்னார் என்பது இரு தரப்புக்குமே நினைவில்லாமல் போகும் இடத்தில்தான், காவலருக்கும் புகார்தாரருக்கும் இடையிலான பேச்சு முறிகிறது. ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு படியும், பேசியதைத் தேதியோடு காகிதத்துக்குக் கொண்டுவருவதைப் பற்றியதே.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 2023 ஆகும். கீழே வெறும் பிரிவு எண் மட்டும் இருந்தால் அது இந்தச் சட்டத்தின் பிரிவு என்று கொள்ளவும்.

1. கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்றால் 112 அல்லது 100க்கு அழையுங்கள். காயம் இருந்தால் மருத்துவமனைதான் முதலில். புகார் அதற்குப் பிறகுதான். மருத்துவமனைக்குப் போனால் வழக்குப் பதிய மாட்டார்கள் என்ற அச்சத்தில், ரத்தம் வழிய நிலையத்துக்கு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அடிதடிக் காயத்துடன் வருபவரைப் பற்றி அரசு மருத்துவமனையிலிருந்தே நிலையத்துக்குத் தகவல் போய்விடும். காவலர் மருத்துவமனைக்கே வந்து வாக்குமூலம் பெற முடியும்.

மருத்துவரிடம் சொல்லும் வாக்கியம், நிலையத்தில் கொடுக்கும் புகாருக்கு இணையான கனம் உடையது. எத்தனை பேர், தெரிந்தவரா தெரியாதவரா, எதைக் கொண்டு, எங்கே, எத்தனை மணிக்கு அடித்தார்கள் என்பதை மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். அதன் நகலைத்தான் 'ஏ.ஆர். காப்பி' என்கிறார்கள். பயத்தினாலோ கூச்சத்தினாலோ 'படியில் விழுந்துவிட்டேன்' என்று அங்கே சொல்லிவிட்டால், பின்னாளில் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுப்பது அந்தக் காகிதத்தைத்தான். ஆகவே மருத்துவரின் முன் உட்காரும்போதே நீங்கள் அருகில் இருங்கள்.

இணையவழிப் பண மோசடியில் வரிசை வேறு. எந்த நிலையத்துக்கும் போகும் முன் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நகர்ந்துகொண்டே இருப்பதால், அதைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைகிறது. அழைத்த பின் கிடைக்கும் பதிவு எண்ணை எழுதி வையுங்கள்.

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை: அடையாள அட்டை, நகை அல்லது வண்டியாக இருந்தால் அதன் ரசீதும் பதிவுப் புத்தகமும், மிரட்டல் செய்தி வந்த கைப்பேசி, ஒரு நீள நோட்டு. கைப்பேசியில் எதையும் அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அச்செடுத்து வைத்துக்கொண்டு, புதுக் கைப்பேசி வாங்கியதும் பழையதைக் கொடுத்துவிடுபவர்கள் பலர். மின்னணுச் சான்று நீதிமன்றத்தில் ஏற்கப்பட அதற்குரிய சான்றிதழ் தேவை. மூலக் கருவி கையில் இருந்தால் அந்த வேலை எளிதாகிறது.

நோட்டின் முதல் பக்கத்தில் ஐந்து பத்திகள் கோடிட்டுக்கொள்ளுங்கள்: தேதி, நேரம், பேசியவரின் பெயரும் பதவியும், அவர் சொன்னது, அடுத்து வரச் சொன்ன நாள். இந்த நோட்டு கடைசி வரை உங்களோடு வரும்.

2. எந்த நிலையம் என்ற கேள்வி

சம்பவம் நடந்த எல்லைக்குரிய நிலையத்துக்குப் போவதே நடைமுறையில் வசதி. விசாரிக்கப் போவது அவர்கள்தான். ஆனால் அது கட்டாயமன்று. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும், எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று 173ஆம் பிரிவு சொல்கிறது. 'இது எங்கள் லிமிட் இல்லை' என்ற பதிலுக்கு வாதாடாமல், 'ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு மாற்றிக் கொடுங்கள் ஐயா' என்று கேட்டால் போதும். எல்லை பாராமல் பதியும் முதல் தகவல் அறிக்கையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

பாலியல் குற்றம், பெண்ணை அவமானப்படுத்துதல், பின்தொடர்தல், அமில வீச்சு போன்றவற்றில் பாதிக்கப்பட்ட பெண்ணின் தகவலைப் பெண் காவலரே பதிவு செய்ய வேண்டும். அனைத்து மகளிர் காவல் நிலையம் தொலைவில் இருக்கிறது என்பது காத்திருப்பதற்குக் காரணம் ஆகாது. இருக்கும் நிலையத்துக்குப் பெண் காவலரை வரவழைக்கலாம். இத்தகைய குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளியாக இருந்தால், அவர் வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ, உரிய மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் முன்னிலையில் பதிவு செய்ய வேண்டும்; அதைக் காணொளியாகவும் எடுக்க வேண்டும். நிலையத்தின் படியேறும் முன்பே தொலைபேசியில் இதைச் சொல்லிவிடுங்கள். வந்த பிறகு சொன்னால் ஏற்பாடு செய்ய நேரம் பிடிக்கும், அந்த நேரமெல்லாம் அவர் வெளித்திண்ணையில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

3. புகாரை எழுதுதல்

புதியவர்கள் அதிகம் இடறும் இடம் இது. ஆகவே இதில் சற்று நின்று பேசுகிறேன்.

ஒரு முறை, கோயிலிலிருந்து திரும்பி வந்த ஓர் அம்மாவின் சங்கிலியை இருசக்கர வாகனத்தில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனார்கள். பேருந்து நிலையத்தருகே மனு எழுதுபவர் ஒருவர், தமக்குப் பழக்கமான நடையில் இப்படி எழுதிக் கொடுத்திருந்தார்: 'என் கழுத்தில் அணிந்திருந்த தங்கச் சங்கிலி காணாமல் போய்விட்டது. அதைக் கண்டுபிடித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அந்த மனுவுக்கு நிலையத்தில் மனு ரசீது மட்டும் கிடைத்தது. மூன்று வாரங்கள் அவர் நடையாய் நடந்தார். அவர் சேலைத் தலைப்பை விலக்கியபோது, கழுத்தின் இடப்பக்கம் காய்ந்துபோன கீறல் ஒன்று விரல் நீளத்துக்கு இருந்தது. அதைப் பற்றி மனுவில் ஒரு சொல் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மறுபடி எழுதினோம். 'இன்ன தேதி, மாலை சுமார் 6.40 மணிக்கு, இன்ன தெருவில் தண்ணீர்த் தொட்டி அருகே நான் நடந்து வந்தபோது, பின்னால் கறுப்பு நிற இருசக்கர வாகனத்தில் இருவர் வந்தனர். பின்னால் அமர்ந்திருந்தவர் என் கழுத்திலிருந்த ஐந்து பவுன் சங்கிலியைப் பிடித்து இழுத்து அறுத்துக்கொண்டார். எனக்குக் கழுத்தில் கீறல் ஏற்பட்டது. நான் கத்தியபோது எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்தார்.' அன்று மாலையே முதல் தகவல் அறிக்கை பதிவானது. 'காணாமல் போனது' என்பது ஒரு பொருளைப் பற்றிய தகவல். 'பறித்தார்' என்பது, குற்றங்களையும் தண்டனைகளையும் வகுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவில் வரும் குற்றம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மனுவில் உள்ள வினைச்சொல்லை வைத்தே முடிவெடுக்கிறார்.

எழுதும் வரிசை இது. முதல் வரிகளில் புகார்தாரரின் பெயர், முகவரி, கைப்பேசி எண். அடுத்து, நேராகச் சம்பவம்: நாள், நேரம், இடம், யார், என்ன செய்தார், எதைக் கொண்டு செய்தார், என்ன சொன்னார். மிரட்டிய சொற்களையும் வசவுகளையும் நாகரிகம் கருதிச் சுருக்காமல், கேட்டபடியே எழுதுங்கள். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியது போன்றவற்றில் அந்தச் சொல்லே குற்றத்தின் உறுப்பு. பிறகு பார்த்தவர்கள், இழப்பு, காயம். பழைய பகை ஏதாவது இருந்தால் அது கடைசிப் பத்தியில், மூன்று வரிக்குள் அடங்க வேண்டும். பத்து ஆண்டு வரப்புத் தகராற்றில் தொடங்கும் புகாரைப் படிப்பவர் இரண்டாம் பக்கத்துக்கு வரும் முன்பே 'இது சிவில் விவகாரம்' என்று முடிவு கட்டிவிடுகிறார்.

தெரியாததைத் தெரிந்ததாக எழுத வேண்டாம். முகம் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் 'எனக்கு இன்னார் மீது சந்தேகம் உள்ளது, காரணம் இது' என்று தனியாகச் சொல்லுங்கள். கோபத்தில் சம்பவத்தன்று ஊரிலேயே இல்லாத உறவினர் பெயர்களையும் சேர்த்துவிட்டால், அந்தப் பொய் ஒன்று மீதியுள்ள உண்மை அனைத்தையும் கீழே இழுத்துவிடும். தாமதமாகப் புகார் கொடுத்தால் காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள்: மருத்துவமனையில் இருந்தேன், மிரட்டினார்கள், வீட்டில் சொல்லப் பயந்தேன். காரணம் சொல்லப்படாத தாமதமே சந்தேகத்துக்கு இடம் தருகிறது.

எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். அதை எழுத்தில் கொண்டுவந்து, அவருக்குப் படித்துக் காட்டி, அதன் பிறகே கையெழுத்து பெற வேண்டும் என்பது சட்டம். படித்துக் காட்டும்போது தலையை ஆட்டாமல், ஒவ்வொரு வரியிலும் 'அப்படித்தான் நடந்ததா அம்மா?' என்று அவரிடம் கேளுங்கள். வெற்றுத்தாளில் எக்காரணத்தைக் கொண்டும் கையெழுத்து வேண்டாம்.

4. நிலையத்தில் முதல் அரை மணி நேரம்

வரவேற்பு மேசையிலோ பாரா காவலரிடமோ ஒரே வாக்கியத்தில் வந்த காரணத்தைச் சொல்லி, நிலைய அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். முழுக் கதையையும் வாசலிலேயே சொல்லத் தொடங்கினால், அதை ஏட்டிடம் ஒரு முறை, எழுத்தரிடம் ஒரு முறை, உதவி ஆய்வாளரிடம் ஒரு முறை என்று நான்கு தடவை சொல்ல வேண்டிவரும். நடந்ததை மீண்டும் மீண்டும் சொல்வதே பாதிக்கப்பட்டவருக்குப் புதிய வாதை. களைப்பில் விவரங்களும் மாறத் தொடங்கும். மாறுவதைக் கேட்பவர் பொய் என்று எண்ணிவிடுவார்.

உள்ளே போனதும் பேச வேண்டியவர் பாதிக்கப்பட்டவர்தான். உடன் வந்தவர் அவருக்காகப் பேசத் தொடங்கினால், அதிகாரி உங்களையே பார்த்துப் பேச ஆரம்பிப்பார். அதன் பிறகு புகார்தாரர் தம் வழக்கிலேயே பார்வையாளர் ஆகிவிடுவார். அவர் தடுமாறும்போது தேதியையோ நேரத்தையோ எடுத்துக் கொடுங்கள், அவ்வளவு போதும். நாலைந்து பேராகக் கூட்டமாகச் செல்வதும், கட்சிக்காரரையோ தலைவரையோ முன்னே நிறுத்துவதும் பெரும்பாலும் தீங்கே செய்கின்றன. உரையாடல் அப்போதே பஞ்சாயத்தாக மாறிவிடுகிறது.

நிலையத்தில் பணிபுரியும் எவரேனும் இதைப் படித்தால், அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வருபவரை உட்காரச் சொல்லுங்கள். 'நீ ஏன் அந்த நேரத்தில் அங்கே போனாய்?' என்ற கேள்விக்குப் பதிலாக 'அந்த நேரத்தில் அங்கே வேறு யார் இருந்தார்கள்?' என்று கேளுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே விவரத்தைத்தான் கொண்டுவரும்; முதல் கேள்வி வாயை அடைக்கும், இரண்டாவது திறக்கும். அனுப்பும்போது குற்ற எண், விசாரிக்கப் போகும் அதிகாரியின் பெயர், அடுத்து எப்போது தொடர்புகொள்வார் என்ற மூன்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால், மறுநாள் காலையில் வரும் பத்து அழைப்புகள் குறையும்.

5. கைக்கு வந்த காகிதம் எது

வெளியே வந்து மரத்தடியில் நின்று அந்தக் காகிதத்தைப் படியுங்கள். அது இரண்டில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் மனு ரசீது. மனு பெறப்பட்டது என்பதற்கு அது சான்று. வழக்குப் பதிவானது என்பதற்குச் சான்று அன்று. 'கேஸ் போட்டுட்டாங்க' என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய், பல மாதம் கழித்து அது வெறும் ரசீது என்று தெரிந்துகொண்டவர்களை நான் அறிவேன்.

இரண்டாவது, முதல் தகவல் அறிக்கை. அதில் குற்ற எண்ணும் ஆண்டும் சட்டப் பிரிவுகளும் இருக்கும். அதன் நகலை இலவசமாகப் பெறுவது தகவல் கொடுத்தவரின் அல்லது பாதிக்கப்பட்டவரின் உரிமை. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மனுவின் நிலையையும் முதல் தகவல் அறிக்கையையும் பார்க்க வசதி உண்டு. பாலியல் குற்றம், குழந்தைகளுக்கு எதிரான குற்றம் போன்றவை மட்டும் அங்கே ஏற்றப்படுவதில்லை. நகலில் தேதி, நேரம், பெயர்கள், நீங்கள் சொன்ன முக்கியச் செயல் ஆகியவை சரியாக உள்ளனவா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் மறுநாளே துணை மனு கொடுங்கள்; நாள் தள்ளிச் சேர்ப்பது, பிறகு யோசித்துச் சேர்த்ததாகத் தோன்றும்.

மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியில் தகவல் அனுப்பியிருந்தால், 3 நாட்களுக்குள் நேரில் சென்று கையெழுத்திட வேண்டும். அனுப்பிவிட்டோமே என்று வீட்டிலிருந்தால் அது பதிவுக்கு வராது.

6. பதிவு செய்யாதபோது

முதலில் காரணத்தைக் கேளுங்கள். மூன்று விதமான பதில்கள் வரும், மூன்றுக்கும் வழி வேறு.

'இது பிடியாணை தேவைப்படும் சிறு குற்றம்' என்றால், அதைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு புகார்தாரரை நீதித்துறை நடுவரிடம் அனுப்ப வேண்டும் என்று 174ஆம் பிரிவு சொல்கிறது. 'முதல்கட்ட விசாரணை நடக்கிறது' என்றால், 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் முன் அனுமதியுடன் 14 நாட்களுக்குள் அதை முடிக்க இடமுண்டு. அனுமதி பெறப்பட்டதா, எந்தத் தேதியிலிருந்து 14 நாள் என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18அ பிரிவின்படி, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் புகாருக்கு முதல்கட்ட விசாரணையே தேவையில்லை.

காரணமே சொல்லாமல் 'நாளைக்கு வா' என்றால், அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டியதுதான். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைப் புகார் காட்டினால் பதிவு செய்வது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. புகாரின் சாரத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். மாநகரமாக இருந்தால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு. அஞ்சல் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் நோட்டின் பின்னட்டையில் ஒட்டுங்கள். பல மாவட்டங்களில் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் புதன்கிழமை மனு நாள் நடக்கிறது. நேரில் கொடுத்தாலும் முத்திரையிட்ட நகல் வாங்காமல் திரும்ப வேண்டாம். அங்கும் பயனில்லை என்றால், இந்த இரண்டு படிகளையும் எடுத்ததற்கான ஆதாரத்தோடும் உறுதிமொழிப் பத்திரத்தோடும் நடுவர் நீதிமன்றத்தில் மனு செய்யலாம்.

இடையில் ஒரு படியை விட்டுவிட்டு நேராக நீதிமன்றத்துக்கு ஓடுவதே இங்கு வழக்கமான தவறு. கண்காணிப்பாளரிடம் போனீர்களா என்ற கேள்வியில் மனு நின்றுவிடும், ஒரு மாதம் வீணாகும்.

பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு, ஆட்கடத்தல் போன்ற குறிப்பிட்ட குற்றங்களில் தகவலைப் பதியத் தவறும் அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு கூறுகிறது. இதை மிரட்டலாகச் சொல்லாமல், மனுவில் ஒரு வரியாகக் குறிப்பிடுவதே போதுமானது.

7. வாக்குமூலமும் விசாரணை அதிகாரியும்

வழக்கு பதிவானதும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, விசாரணை அதிகாரி யார் என்பது. புகாரைப் பெற்றவர் வேறு, விசாரிப்பவர் வேறாக இருப்பது சாதாரணம். எழுத்தரிடம் மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பல மாதம் தவறான ஆளிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பெண்கள், 15 வயதுக்குட்பட்ட அல்லது 60 வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்காக அவர்கள் வசிக்கும் இடம் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்பது 179ஆம் பிரிவு. தாமே விரும்பினால் நிலையத்துக்கு வரலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வரும் வழக்கில் குழந்தையை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை அணியாமல் விசாரிக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் இரவில் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

கையெழுத்து பற்றி ஒரு குழப்பம் எப்போதும் எழுகிறது. புகாரில் கையெழுத்திட வேண்டும். ஆனால் விசாரணையின்போது காவலர் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் அதைச் சொன்னவரின் கையெழுத்தைப் பெறக் கூடாது என்று 181ஆம் பிரிவு தடுக்கிறது. கையெழுத்து வாங்கவில்லையே, எதையோ மறைக்கிறார்கள் என்று சண்டையிட்டவரையும், கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவரையும் ஒரே வாரத்தில் கண்டிருக்கிறேன்.

8. நீண்ட மௌனத்தைக் கையாளுதல்

நல்ல முறையில் தொடங்கிய வழக்குகளும் கெடுவது இங்கேதான். அதிகாரிக்குப் பந்தோபஸ்து, நீதிமன்றம், வேறு வழக்குகள் என்று நாள் ஓடுகிறது. இந்தப் பக்கம் வீட்டில் ஒவ்வொரு நாளும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாம் வாரத்தில் 'பணம் வாங்கிட்டாங்க போல' என்ற பேச்சு தொடங்கிவிடும். பல நேரங்களில் உண்மையில் நடந்துகொண்டிருப்பது, தடய அறிவியல் ஆய்வக அறிக்கைக்கோ கைப்பேசி நிறுவனத்தின் அழைப்பு விவரத்துக்கோ காத்திருத்தல். அதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் தகவல் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்பதை 193ஆம் பிரிவு காவல் அதிகாரியின் கடமையாக்கியுள்ளது. குறுஞ்செய்தி போன்ற மின்னணு வழியிலும் தெரிவிக்கலாம். பாலியல் வன்கொடுமை, கடுமையான போக்சோ குற்றங்கள் ஆகியவற்றில் விசாரணையையே 2 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை கைக்கு வந்த அன்றே, நாட்காட்டியில் இந்தத் தேதிகளை வட்டமிடுங்கள்.

அதுவரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, காலையில் பணி தொடங்கும் நேரத்தையும் மாலை நெரிசலையும் தவிர்த்து, ஒரே ஒருவர் அழைக்க வேண்டும். அம்மா ஒரு முறை, மாமா ஒரு முறை, வழக்கறிஞரின் குமாஸ்தா ஒரு முறை என்று அழைத்தால், அதிகாரி எவருக்கும் முழுப் பதில் சொல்ல மாட்டார்.

கேட்கும் விதமும் முக்கியம். 'சார், எங்க கேஸ் என்னாச்சு?' என்று கேட்டால் 'போயிட்டிருக்கு' என்ற பதில்தான் வரும், ஏனெனில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் இல்லை. ஒரு செய்தியை இப்படி அனுப்பிப் பாருங்கள்:

'வணக்கம் ஐயா. குற்ற எண் இன்னது, புகார்தாரர் இன்னார். எதிர்வீட்டுக் கடையின் சி.சி.டி.வி. பதிவு பெறப்பட்டதா என்பதையும், எதிர்வீட்டுக்காரரின் வாக்குமூலம் எடுக்கப்பட்டதா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். இல்லையெனில் அவரை எந்த நாளில் அழைத்து வரலாம் என்று சொன்னால் ஏற்பாடு செய்கிறேன்.'

ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடிய கேள்வி, அதோடு வேலையைக் குறைக்கும் ஓர் உதவி. இதற்குப் பதில் வருகிறது. குறிப்பாக சி.சி.டி.வி. பதிவை முதல் வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும். பெரும்பாலான கடைகளில் புதிய பதிவு பழையதன் மேல் தானாக எழுதிக்கொண்டு போய்விடும்.

90ஆம் நாள் கடந்தும் தகவல் இல்லையென்றால், பிரிவைக் குறிப்பிட்டு நிலைய ஆய்வாளருக்கு எழுத்தில் கேட்டு, நகலைத் துணைக் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். உங்கள் நோட்டில் உள்ள அழைப்புத் தேதிகளை அப்படியே மனுவில் வரிசையாக எழுதினால், குறை சொல்லும் சொற்கள் எதுவும் தேவைப்படாது. அதிகாரி இடமாற்றத்தில் சென்றுவிட்டால், புதியவரிடம் பழைய மனுக்களின் நகலோடு நேரில் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

9. மிரட்டலும் சமரசப் பேச்சும்

எதிர்த்தரப்பு ஆள் அனுப்பிப் பேசினால், அன்றே அதைத் தனி மனுவாக விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். வாயால் சொன்ன மிரட்டல் புகார், ஜாமீன் மனு விசாரணைக்கு வரும்போது உதவாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் இத்தகைய மிரட்டல் புகாரைப் பதிவு செய்வது அதிகாரியின் கடமை என்றும், ஜாமீன் உட்பட நீதிமன்ற நடவடிக்கைகள் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் அறிவிப்பு வேண்டும் என்றும் 15அ பிரிவு சொல்கிறது. ஆபத்து கடுமையாக இருந்தால் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு விண்ணப்பிக்கலாம்.

நிலையத்தில் யாரேனும் 'பேசி முடித்துக்கொள்ளுங்கள்' என்றால், உடனே பதில் சொல்ல வேண்டாம். 'வீட்டில் கலந்து, வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு எழுத்தில் தெரிவிக்கிறோம்' என்று சொல்லி எழுந்து வாருங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணிலோ மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலோ கேட்கலாம். இழப்பீட்டு மனுவையும் அங்கேயே கொடுக்கலாம். அதற்குக் குற்றவாளி பிடிபட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

10. அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகும்போது

விசாரணை முடிவில் குற்றப்பத்திரிகை போகலாம், அல்லது மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதாக அறிக்கை போகலாம். இரண்டாவது என்றால் 'ஆர்.சி.எஸ். நோட்டீஸ்' என்ற பெயரில் புகார்தாரருக்கு ஒரு தாள் வரும். அதைச் சம்மன் என்றோ வேறேதோ ரசீது என்றோ எண்ணிக் கையெழுத்திட்டுவிட்டுப் பெட்டியில் வைப்பவர்கள் உண்டு. அறிக்கையை ஏற்று வழக்கை முடிக்கும் முன் நடுவர் தகவல் கொடுத்தவரின் தரப்பைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் பகவந்த் சிங் வழக்கிலேயே கூறிவிட்டது. ஆகவே பெற்ற தேதியைத் தாளின் மேல் எழுதி, அதே வாரத்தில் வழக்கறிஞர் மூலம் எதிர்ப்பு மனு போடுங்கள்.

குற்றப்பத்திரிகை தாக்கலானால், வழக்கறிஞர் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அதன் நகல் கிடைக்கும் என்று 230ஆம் பிரிவு வழி செய்துள்ளது. அதில் உங்கள் சாட்சிகளின் பெயர்கள் உள்ளனவா என்று சரிபார்த்து, விடுபட்டிருந்தால் அரசு வழக்கறிஞரைச் சந்தித்துச் சொல்லுங்கள். நகை, வண்டி போன்றவை மீட்கப்பட்டிருந்தால், வழக்கு முடியும் வரை காத்திராமல் இடைக்கால ஒப்படைப்புக்கு நடுவர் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். முதல் நாள் எடுத்து வைத்த ரசீது இப்போதுதான் வேலை செய்யும்.

இதற்குப் பிறகு வழக்குக்குக் குற்ற எண்ணோடு நீதிமன்ற வழக்கு எண்ணும் சேர்ந்துவிடும். இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். விசாரணை தொடங்க ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் மகள் கல்யாணமாகி வேறு ஊர் போயிருப்பாள், எதிர்வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்திருப்பார், கைப்பேசி எண்கள் மாறியிருக்கும். சம்மன் பழைய முகவரிக்குப் போய், 'ஆள் இல்லை' என்ற குறிப்போடு திரும்பும். வீடு மாறினாலோ எண் மாறினாலோ இரண்டு எண்களையும் குறிப்பிட்டு ஒரு மனு எழுதி, நிலையத்தில் ஒன்றும் அரசு வழக்கறிஞரிடம் ஒன்றுமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை உங்கள் நகலில் வாங்கிக்கொள்ளுங்கள்.